கோலாரு தாத்தாவும் கிணத்துக்காடும்: ஒரு மூதாதையரைப் பதிவேடுகளில் தேடிய முழு விவரம்

ராயக்கோட்டைப் பக்கத்துச் சின்ன ஊர் ஒன்றில் பிறந்து, கோலார் தங்க வயலில் சுரங்கக் கூலியாக இருந்து, ஊருக்குத் திரும்பி வந்து இறந்துபோன ஒருவரைப் பற்றியது இந்த ஆய்வு. அவர் என் அம்மாவின் தாத்தா. ஒரு போட்டோகூட இல்லாத மனிதர். வீட்டில் எல்லோருக்கும் அவர் கோலாரு தாத்தா, அவர் மனைவி கிணத்துக்காட்டு ஆயா. உறவினர்கள் கேட்டுக்கொண்டதால் ஆட்களின் பெயர், ஊர்ப்பெயர், சர்வே எண் எதையும் இங்கே தரவில்லை. மற்றதெல்லாம் ஆவணத்தில் பார்த்தபடியே எழுதுகிறேன்.

தொடங்கும்போது கையில் இருந்தது பெரிய மாமா சொன்ன சில செய்திகள் மட்டும்தான். தாத்தா தாது வருஷப் பஞ்சத்தில் பிறந்தவர். வாலிபத்தில் கோலாருக்குப் போனார். அங்கே சம்பாதித்து கிணத்துக்காட்டை வாங்கினார். “ரேகை வைக்கச் சொன்னாங்களாம் மாப்ளே, போங்கடான்னு வந்துட்டாராம்.” கடைசியாக ஒன்று: ராயக்கோட்டை ரயிலைப் பேத்துக்கிட்டுப் போன வருஷத்தை ஒட்டி அவர் செத்துப்போனார்.

தேதி ஒன்றுகூட இல்லை. ஆனால் இந்த நினைவுகள் ஒவ்வொன்றும் ஊரறிந்த ஒரு நிகழ்ச்சியில் முளையடித்துக் கட்டப்பட்டிருக்கின்றன. பஞ்சம், சுரங்கம், ரயில் மூன்றுக்கும் ஆண்டு உண்டு. படிக்காத குடும்பங்கள் காலத்தை ஞாபகம் வைத்துக்கொள்வது இப்படித்தான். இதை வெறும் வாய்ப்பேச்சு என்று தள்ளிவிடாமல், ஒவ்வொரு முளையையும் ஆட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

ஆளைத் தேடாமல் நிலத்தைத் தேடியது

எங்கள் ஊரில் ஆளைப் பெயரை வைத்துத் தேட முடியாது. பேரனுக்குத் தாத்தா பெயர், அந்தப் பேரனின் பேரனுக்கு மறுபடி அதே பெயர் என்று நாலைந்து பெயர்களே சுற்றிச் சுற்றி வரும். ஒரே பங்காளிக் கூட்டத்தில் ஒரே காலத்தில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பது சாதாரணம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் உதவாது. அந்தக் காலத்து வீட்டுவாரிப் படிவங்களைச் சர்க்கார் சேர்த்து வைக்கவில்லை, கூட்டிக் கழித்த எண்ணிக்கைதான் புத்தகமாக இருக்கிறது.

நிலம் நகராது. ஒரு முறை சர்வே எண் விழுந்துவிட்டால், அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு அதன் மேல் வந்துபோன ஆட்களை எல்லாம் பார்த்துவிடலாம். இதில் நம் பகுதிக்குத் தனி வரலாறே உண்டு. 1792ல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையின்படி திப்பு நம் பகுதியான பாராமகாலைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். அதன் பிறகு கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே இருந்த தாமஸ் மன்றோவும் 1799 வரை இங்கேதான் நிலம் அளந்து தீர்வை போட்டார்கள். ஒவ்வொரு குடியானவனோடும் சர்க்கார் நேரடியாகக் கணக்கு வைத்துக்கொள்ளும் ரயத்துவாரி முறை இந்த மண்ணில் உருவாகித்தான் பிறகு சென்னை மாகாணம் எங்கும் போனது. வரி வாங்குவதற்காகச் செய்த ஏற்பாடுதான். ஆனாலும் இரண்டு ஏக்கர் மேட்டுக்காடு வைத்திருந்தவன் பெயரும் சர்க்கார் புத்தகத்தில் ஏறியது அதனால்தான்.

எல்லா ஊருக்கும் இது பொருந்தாது. பழைய சேலம் ஜில்லாவில் மிட்டாக்கள், அதாவது சின்ன ஜமீன்கள், நிறைய. ஓசூர்ப் பக்கம் சூளகிரி, பாகலூர் மாதிரிப் பாளையங்களும் இருந்தன. அந்த ஊர்களில் குடியானவனின் பெயர் மிட்டாதார், பாளையக்காரர் கணக்கில்தான் இருக்கும். 1948ம் வருஷத்து எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் ரயத்துவாரிப் பட்டா வந்தது. ஆகவே தேட உட்காருமுன் உங்கள் ஊர் ரயத்துவாரியா, மிட்டாவா, மானியமாக விட்ட இனாமா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் நல்ல வேளையாக ரயத்துவாரி.

அப்புறம் மாவட்டம். எங்கள் ஊர் 1965 அக்டோபர் 2 வரை சேலம் ஜில்லா, அதன் பிறகு தர்மபுரி, 2004 பிப்ரவரி 9 முதல் கிருஷ்ணகிரி. இருந்த இடத்திலேயே இருந்து மூன்று மாவட்டம் பார்த்த ஊர். எந்த ஆண்டுப் புத்தகம் வேண்டுமோ, அதைப் பொறுத்து விசாரிக்க வேண்டிய ஊரும் மாறும். ‘எங்களிடம் இல்லை’ என்று ஒரு அலுவலகத்தில் சொன்னால், புத்தகமே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

கிணத்துக்காட்டின் இன்றைய பட்டா மாமா பெயரில். அதற்கு முந்தைய ‘அ’ பதிவேட்டில், யுடிஆர் என்ற பட்டாக் கணக்குத் திருத்தம் நடந்த காலத்தில், அவருடைய அப்பா பெயர். அங்கிருந்து பின்னால் போக, யுடிஆர் உட்பிரிவுக்குப் பழைய எண் என்ன என்று தெரிய வேண்டும். எங்கள் ஊரில் சர்வே எண் மாறவில்லை, உட்பிரிவு மட்டும்தான் மாறியிருந்தது. புல வரைபடத்தில் கிணற்றின் இடத்தை வைத்து அதை உறுதி செய்துகொண்டோம். பழைய தீர்வைப் பதிவேட்டில், எஸ்.எல்.ஆர் என்பார்களே, அதில் அதே எண்ணுக்கு எதிரே முற்றிலும் வேறு ஒரு குடும்பத்தின் பெயர் இருந்தது. ஆக, நிலம் வெளியிலிருந்து கைமாறித்தான் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. ‘வாங்கினார்’ என்ற குடும்பக் கதை இதுவரை சரி.

இணையத்தில் வில்லங்கம் பார்த்தால், நாங்கள் தேடியபோது பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 வாக்கில்தான் தொடங்கியது. அதற்கு முன்னால் போக, மனுக் கொடுத்து, கையால் எழுதிய அட்டவணைப் புத்தகங்களைப் புரட்ட வைக்க வேண்டும். அட்டவணை இரண்டு விதம்: ஒன்று ஆள் பெயர் வரிசை, இன்னொன்று ஊர், சர்வே எண் வரிசை. பெயரை மட்டும் எழுதி மனுப் போடுகிறவர்கள் பெரும்பாலும் வெறுங்கையோடு வருகிறார்கள். ஊரையும் சர்வே எண்ணையும் எழுதியதால் எங்களுக்குப் பத்திர எண் கிடைத்தது. எண் கிடைத்ததும் மாமாவுக்குச் சந்தேகம் வந்து வீட்டுப் பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்கினார். அசல் பத்திரமே அதில் இருந்தது.

பத்திரம் சொன்னது

ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட முத்திரைத்தாள். 1927, பிரபவ வருஷம் வைகாசி. வருஷம், மாதம், தேதி, ரூபாய் எல்லாவற்றுக்கும் பழைய சுழிக்குறிகள். இவற்றைப் படிக்கப் பழகிக்கொள்ளாமல் அந்தக் காலத்துப் பத்திரத்தில் கை வைக்க முடியாது. விற்றவர் தெலுங்கில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எங்கள் பக்கம் இது புதுசில்லை.

வாங்கியவர் தாத்தா இல்லை. ‘கோலார் தங்க வயல் மாரிக்குப்பத்தில் கூலி ஜீவனம் செய்யும்’ இன்னாருடைய சம்சாரம், ‘மேற்படி கிராமத்திலிருக்கும்’ இன்னார் என்று ஆயாவின் பெயர் எழுதியிருக்கிறது. கிணத்துக்காட்டு ஆயா என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவர் பெயர் என்ன என்பதே வீட்டில் யாருக்கும் தெரியாமல் இருந்தது. மாமா அந்த வரியை விரலால் தொட்டுத் திரும்பத் திரும்பப் படித்தார். “எங்க அப்பாகூட சொன்னதில்ல மாப்ளே” என்றார்.

முதல் தாளின் பின்பக்கத்தில், பதிவு அலுவலகக் குறிப்பில், பத்திரத்தைத் தாக்கல் செய்தவர் என்ற இடத்திலும் ஆயாவின் பெயர். பக்கத்தில் இடது கைப் பெருவிரல் ரேகை. கறுப்பு மை கொஞ்சம் அதிகமாக ஒட்டி நடுப்பகுதி அப்பிப் போயிருக்கிறது. ஓரக் கோடுகள் மட்டும் தெளிவாக இருக்கின்றன, குறுக்கே ஒரு பழைய வெட்டுத் தழும்பும். அவரை அடையாளம் காட்டிய இரண்டு பேரில் ஒருவர் தாத்தாவின் பங்காளி. புருஷன் சுரங்கத்தில் இருக்க, அந்த அம்மாள் தானே சப் ரிஜிஸ்திரார் ஆபீசுக்குப் போய்ப் பத்திரத்தைத் தாக்கல் செய்திருக்கிறார். இவ்வளவையும் ஆவணமே சொல்கிறது. ஏன் அவர் பெயரில் வாங்கினார்கள் என்பதை அது சொல்லவில்லை. தாத்தா வெளியூரில் இருந்ததால் இருக்கலாம், அவர் பெயரில் கடன் இருந்திருக்கலாம். நான் எதையும் கட்டி எழுத மாட்டேன்.

இந்த ஆய்வின் போக்கையே மாற்றியது பத்திரத்தின் நடுவில் வரும் இன்னொரு வரி. விற்கிறவர் தனக்கு நிலம் எப்படி வந்தது என்று சொல்லும் இடம் அது. ‘மேற்படி சொத்தானது ஈசுவர வருஷத்தில்’ இன்னாரிடமிருந்து ‘என் பாட்டனார் கிரயத்துக்கு வாங்கி நாளது வரை எங்கள் அனுபோகத்தில் இருந்துவருகிறபடியால்’ என்று எழுதியிருக்கிறார். அந்த ‘இன்னார்’ கோலாரு தாத்தாவின் அப்பா.

ஈசுவர வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒரு முறை வரும். 1927ல் எழுதிய பத்திரத்தில், விற்றவரின் பாட்டன் காலத்துக்குப் பொருந்துவது 1877 ஏப்ரலில் தொடங்கிய ஈசுவரதான். அதற்கு முந்தையது தாது. தாது வருஷப் பஞ்சம் என்று இன்றைக்கும் பேசுகிறோமே, 1876ல் தொடங்கி 1878 வரை இழுத்த அந்தப் பெரும் பஞ்சம் மிகக் கடுமையாக அடித்த ஜில்லாக்களில் சேலமும் ஒன்று. 1871 கணக்கெடுப்பில் 19 லட்சத்துக்கு மேல் இருந்த ஜில்லா மக்கள்தொகை 1881ல் சுமார் 16 லட்சமாகக் குறைந்திருந்தது. அதில் செத்தவர்களும் உண்டு, பிழைக்கப் போனவர்களும் உண்டு. பஞ்சத்தின் இரண்டாவது வருஷத்தில், மாடும் விதையும் போன பிறகு, ஒரு குடியானவன் கிணறு இருக்கும் காட்டை விற்கிறான் என்றால் அவன் வீட்டில் என்ன நிலைமை இருந்திருக்கும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆக, கோலாரு தாத்தாவும் ஆயாவும் புதிதாக ஒரு காட்டை வாங்கவில்லை. பஞ்சத்தில் போன தங்கள் காட்டை, ஏறத்தாழ ஐம்பது வருஷம் கழித்து மீட்டிருக்கிறார்கள்.

அவர் தாது வருஷத்தில் பிறந்தவரா?

இந்த வரியைப் பார்த்த பிறகு மாமா சொன்ன முதல் செய்தி மேல் சந்தேகம் விழுந்தது. அவர் 1876ல் பிறந்தவர் என்பதற்கு எந்தத் தாளும் இல்லை. பிறப்பு இறப்புப் பதிவுக்கான மாகாணச் சட்டமே 1899ல்தான் வந்தது. அதற்கு முந்தைய கிராமத்துப் பிறப்புக்கு ஏடு கிடைப்பது அபூர்வம், கிடைத்தாலும் ‘ஆண் குழந்தை’ என்றுதான் இருக்கும்.

எதிர்ப்பக்கத்தில் இரண்டு சான்றுகள். இறப்புப் பதிவேட்டில் அவர் வயது 55. அது எப்படிக் கிடைத்தது என்று பின்னால் சொல்கிறேன். அந்தக் கணக்குப்படி பிறப்பு 1887 வாக்கில். மற்றொன்று, அவருடைய மூத்த மகன், அதாவது மாமாவின் அப்பா, பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் 1914ல் பிறந்தவராக இருக்கிறார். தேதி ஜூன் 1. அந்தத் தேதியை நான் நம்பவில்லை. பள்ளியில் சேர்த்த நாளிலிருந்து ஐந்து வயதைக் கழித்து வாத்தியார் போடும் தேதி அது, அந்தத் தலைமுறையில் பாதிப் பேருக்கு மே, ஜூனில்தான் பிறந்தநாள். வருஷம் ஒன்றிரண்டு முன்பின் இருக்கலாம். அப்படியே இருந்தாலும், தாத்தா 1876ல் பிறந்திருந்தால் தலைப்பிள்ளை பிறக்கும்போது அவருக்கு நாற்பதை ஒட்டிய வயது. எங்கள் பக்கத்தில், அந்தக் காலத்தில், அது நடக்காத காரியம் இல்லை, ஆனால் நம்பச் சிரமம்.

அந்தக் காலத்தில் இறப்புப் பதிவை எழுதிய கிராம முன்சீப் போட்ட வயது பெரும்பாலும் ஐந்திலும் பூஜ்யத்திலும்தான் முடியும். 55 என்றால் ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் என்று எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்தாலும் 1876க்குப் போக முடியவில்லை.

என் முடிவு இது. தாது வருஷம் என்ற நினைவு உண்மை. அது தாத்தாவின் பிறப்பைச் சேர்ந்ததில்லை, காட்டைச் சேர்ந்தது. ‘தாது வருஷப் பஞ்சத்தில் போன காடு, தாத்தா வாங்கினார்’ என்று முதலில் சொல்லப்பட்டிருக்க வேண்டும். அடுத்த தலைமுறைக்கு வரும்போது காட்டை இழந்த கதை உதிர்ந்துவிட்டது, பஞ்சம் மட்டும் தாத்தாவோடு ஒட்டிக்கொண்டது. நிலத்தை விற்ற சங்கதியை எந்தக் குடும்பமும் பிள்ளைகளிடம் விரும்பிச் சொல்வதில்லை.

மணியார்டர் துண்டுகள்

தகரப் பெட்டியில் பத்திரத்துக்கு அடியில் கிஸ்தி என்னும் நிலவரி ரசீதுகளும், நூல் கோத்துக் கட்டிய மணியார்டர் துண்டுகளும் இருந்தன. மணியார்டர் வாங்குகிறவரிடம் தபால்காரர் கிழித்துக் கொடுக்கும் அடித்துண்டு அது. அனுப்பியவர் பெயர், தொகை, இரண்டு மூன்று வரி எழுத இடம், அனுப்பிய தபாலாபீஸ் முத்திரை இருக்கும். இந்தத் தேடலில் எனக்கு மிகவும் பிடித்த ஆவணம் இதுதான். யாரும் இதைச் சேர்த்து வைக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அம்மாள் சேர்த்து வைத்திருக்கிறார்.

முத்திரைகளில் மாரிக்குப்பம், சாம்பியன் ரீப்ஸ் இரண்டும் வருகின்றன. படிக்க முடிந்த தேதிகளில் பழையது 1919, கடைசி 1930ன் தொடக்கம். ஒவ்வொரு துண்டிலும் வேறு வேறு கையெழுத்து. தாத்தாவுக்கு எழுதத் தெரியாது, அந்தந்த மாதம் யார் கிடைத்தார்களோ அவர்களை எழுத வைத்திருக்கிறார் என்பது இதிலிருந்து தெரிகிறது. எழுதியதும் கொஞ்சம்தான். ‘இப்பவும் இவ்விடம் க்ஷேமம். கிஸ்தி கட்டிவிடவும்.’ ‘சின்னவனுக்கு ஜுரம் எப்படி.’ ஒன்றில் ‘இந்த மாசம் கம்மி, அடுத்த மாசம் சேத்து அனுப்பறேன்’ என்று எழுதியவர் பேச்சையே அப்படியே போட்டிருக்கிறார்.

ஒரு துண்டை மட்டும் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டும். முத்திரை 1923. ‘கவலைக்கு வடம் வாங்கிக்கொள்ளவும். பழைய வடம் போட்டு மாட்டை ஓட்ட வேண்டாம்.’ கவலை என்பது மாடு பூட்டித் தோல் சாலில் தண்ணீர் இறைக்கும் ஏற்பாடு, கிணறு இருந்தால்தான் அதற்கு வேலை. எங்கள் குடும்பத்துக்கு இருந்த மற்ற நிலமெல்லாம் கேழ்வரகும் சாமையும் கொள்ளும் விளையும் மானாவாரி மேட்டுக்காடு. பழைய பதிவேட்டில் அவற்றுக்கு எதிரே கிணறு கிடையாது. கிணத்துக்காட்டை வாங்கியது 1927. அப்படியானால் 1923ல் ஆயா யாருடைய கிணற்றில் கவலை ஓட்டினார்?

பக்கத்துக் காட்டுக்காரரின் பத்திரத்தில் விடை இருந்தது. எல்லை சொல்லும் இடம், செக்குபந்தி, நிறையப் பேர் படிக்காமல் தாண்டிவிடும் பகுதி. அந்தப் பத்திரம் 1927க்கு முந்தையது. அதில் மேற்கு எல்லையாகக் கிணத்துக்காட்டைக் குறிக்கும்போது, விற்ற குடும்பத்தின் பெயரைச் சொல்லி, ‘குத்தகைதாரர்’ என்று தாத்தாவின் பெயரையும் சேர்த்திருக்கிறார்கள். அவர் அப்பா விற்ற காட்டையே குத்தகைக்கு எடுத்து, ஆயா அதில் பாடுபட்டிருக்கிறார். சுரங்கத்தில் சம்பாதித்த கூலி, குத்தகைக்கும் வடத்துக்கும் கிஸ்திக்கும் போய், மீதியில்தான் கிரயம் சேர்ந்திருக்கிறது. கிரயத் தொகையிலும் பாதிக்கு மேல், விற்றவர் வேறொருவரிடம் வைத்திருந்த போக்கியத்தைத் தீர்க்கவே கொடுக்கப்பட்டதாகப் பத்திரத்தில் இருக்கிறது.

மற்றவர்களின் பத்திரத்தில் எல்லைக்காரராக உங்கள் ஆள் வருகிறாரா என்று கட்டாயம் பாருங்கள். தன் பெயரில் ஒரு பத்திரமும் இல்லாதவர்கள்கூட நாலு பேரின் எல்லையில் நிற்பார்கள். 1930களின் பத்திரம் ஒன்றில் அதே காடு ஆயாவின் பெயரைச் சொல்லி, அவருடைய ‘கிணத்துக்காட்டுக்குக் கிழக்கு’ என்று வருகிறது. ஊரார் அதை அவருடைய நிலமாகவே பார்த்திருக்கிறார்கள்.

அதே பெயரில் இன்னொருவர்

இவ்வளவும் சரி, ஆனால் இந்தத் தாள்களில் வருகிறவர் எங்கள் தாத்தாதானா? தாத்தாவின் பெயரிலேயே, கிட்டத்தட்ட அதே வயதில், இன்னொரு பங்காளி இருந்தார் என்று ஊரில் ஒரு பெரியவர் சொன்னார். அவரும் கோலாருக்குப் போனவர். இதைத் தீர்க்காமல் மேலே போவது வீண் வேலை.

தீர்த்தது குலதெய்வக் கோயில் வரி நோட்டு. திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூல் செய்யும்போது, குடும்பத் தலைவர் பெயரோடு அப்பா பெயரையும் எந்த வகையறா என்பதையும் எழுதுவார்கள். இருவருக்கும் அப்பா பெயர் வேறு. 1927 பத்திரத்தில் ஈசுவர வருஷத்தில் விற்றவராக வருவது எங்கள் வகையறாவின் பெயர். ஆயாவை அடையாளம் காட்டிய பங்காளியும் எங்கள் வகையறாவில் இருக்கிறார். மணியார்டர் துண்டுகள் பத்திரத்தோடு ஒரே பெட்டியில் இருந்தன. இதற்கு மேல் சந்தேகப்பட இடமில்லை. இந்த நோட்டுகள் பல ஊர்களில் பூசாரி வீட்டிலோ தர்மகர்த்தா வீட்டிலோ கேட்பாரற்றுக் கிடக்கின்றன. செல்போனிலாவது படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கோலார், ரேகை, ரயில்

எங்கள் பக்கத்திலிருந்து கோலாருக்குப் போனவர்கள் ஏராளம். ஜான் டெய்லர் கம்பெனி 1880ல் அங்கே வேலை தொடங்கியதிலிருந்தே வடஆற்காடு, சேலம் ஜில்லாக்களின் தமிழ்க் கூலிகள்தான் சுரங்கத்துக்குள் பெரும்பகுதி. பஞ்சத்தில் நிலம் போனவர்களின் பிள்ளைகள் அதில் நிறைய இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன், எங்கள் தாத்தாவைப் போல. மொரப்பூர்–தர்மபுரி சின்ன ரயில் 1906ல் வந்து 1913ல் ஓசூர் வரை நீண்டது. அதன் பிறகு ராயக்கோட்டையில் ஏறி மொரப்பூர், ஜோலார்பேட்டை, பவுரிங்பேட்டை வழியாகச் சுரங்கம் வரை ரயிலிலேயே போய்விடலாம். பவுரிங்பேட்டைதான் இன்றைய பங்காருப்பேட்டை. அதற்கு முன்னால் ராயக்கோட்டையில் ரயில் இல்லை.

ரேகைக் கதைக்கு வருவோம். 1930ல் தங்க வயலில் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள், கைரேகை வாங்கிப் பதிவு செய்யும் முறையை எதிர்த்து. மாமா இதை எங்கும் படித்தவர் இல்லை. அவர் அப்பா சொன்னதைத்தான் சொன்னார். மணியார்டர்களும் 1930ன் தொடக்கத்தோடு நின்றுவிடுகின்றன. இரண்டும் பொருந்துகின்றன. அவர் வேலைநிறுத்தத்தில் நின்றவரா, அதன் பிறகு மறுபடி வேலைக்குப் போகாமல் வந்துவிட்டவரா என்பதற்குத் தாள் இல்லை. ஆனாலும் குடும்ப நினைவும் தபால் முத்திரையும் பொது வரலாறும் ஒரே வருஷத்தில் வந்து சேரும்போது, அந்த வருஷத்தில் அவர் திரும்பினார் என்று எழுதத் தயங்க மாட்டேன்.

இறப்பைத் தேட ரயில் உதவியது. இரண்டாம் உலகப் போரின்போது, 1941ல், அந்தப் பாதை மூடப்பட்டுத் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. அதனால் 1941ம் வருஷத்திலிருந்து தொடங்கித் தேடச் சொல்லி மனுக் கொடுத்தோம். ஆண்டு சொல்லாமல் இறப்புப் பதிவு கேட்டால் எந்த அலுவலகத்திலும் யாரும் தேட மாட்டார்கள், அது நியாயமும்கூட. ஓர் இடத்தில் பழைய புத்தகங்கள் கரையான் அரித்துவிட்டன என்றார்கள். மாதாமாதம் மேலே அனுப்பிய பிரதி வேறொரு அலுவலகக் கட்டில் கிடைத்தது. 1942, சித்திரபானு வருஷம், ஆடி. ஆண், வயது 55, விவசாயம். இறந்த காரணம்: இருமல், இளைப்பு.

சுரங்கத் தூசியால் வரும் நுரையீரல் நோய் கோலாரில் எத்தனை பேரைக் கொண்டுபோனது என்பது தெரிந்த விஷயம். உறவினர்களில் சிலர் ‘சிலிக்கோசிஸ்’ என்று குடும்ப வரலாற்றில் எழுதச் சொன்னார்கள். நான் எழுதவில்லை. முன்சீப் எழுதியது இருமல், இளைப்பு. வைத்தியர் யாரும் பார்க்கவில்லை. பத்து வருஷத்துக்கும் மேல் பூமிக்கடியில் வேலை செய்தவர் இருமலில் செத்தார் என்ற இரண்டு வரியையும் அடுத்தடுத்து வைத்தாலே படிக்கிறவர்களுக்குப் புரியும்.

தாத்தாவின் தம்பி ஒருவர் முதல் உலகப் போரில் இராக்கின் பஸ்ராவுக்குப் போய்த் திரும்பவில்லை என்பார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் சிப்பாய்களின் அப்பா பெயர், ஊர், ஜில்லாவோடு தேடலாம், சேலம் ஜில்லா ஆட்கள் அதில் நிறைய. பஸ்ரா நினைவிடத்தில் இந்தியச் சிப்பாய்களை எண்ணிக்கையாகத்தான் பொறித்தார்கள், பெயர் கல்லில் ஏறவில்லை. அந்தப் பாரபட்சத்தை ஆணையமே 2021ல் ஒப்புக்கொண்டது. எங்களுக்குப் பொருந்தும்படி வந்த பெயர்களில் ஊர் ஒத்துப்போகவில்லை. அதனால் அவரைக் குடும்ப மரத்தில் ‘போருக்குப் போனதாகச் சொல்லப்படுகிறது’ என்று மட்டும் வைத்திருக்கிறோம்.

இனி பார்க்க வேண்டியது

இப்போது தேடிக்கொண்டிருப்பது ஈசுவர வருஷத்துக் கிரயப் பத்திரத்தை. நூறு ரூபாய்க்குக் குறைந்த விலைக்கு விற்ற நிலத்தைப் பதிய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பஞ்ச காலத்து விலையில் அது பதியாமலே போயிருக்கலாம். பதிந்திருந்தால், அன்றைய எல்லைப்படி எந்த அலுவலகத்துப் புத்தகத்தில் ஏறியது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

அது கிடைத்தால் பிறப்புக் கேள்வியும் தீர்ந்துவிடும். குடும்பச் சொத்தை விற்கும்போது தகப்பன் தனக்காகவும் தன் மைனர் பிள்ளைகளுக்குக் கார்டியனாகவும் எழுதிக்கொடுப்பது வழக்கம், பிள்ளைகளின் பெயரையும் சேர்ப்பார்கள். அந்த வரிசையில் தாத்தாவின் பெயர் இருந்தால் மாமா சொன்ன தாது வருஷம் சரி, என் கணக்கு தப்பு. இல்லையென்றால், காடு போன பிறகு பிறந்தவர் அவர். மனுவில் ஆயாவின் பெயரையும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். 1927க்குப் பிறகு வேறு ஏதாவது அவர் பெயரில் பதிவாகியிருந்தால் அதையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.